என் கையால் தாங்கள் வாங்கிய பூசணிக்காய்

அனுப்புநர்:
திருமதி கமலாசனி தங்கராசா,
செயலாளர், கிராம அபிவிருத்திச் சங்கம்,
நான்காம் வாய்க்கால் வீதி,
கூழாமோட்டைக் குடியேற்றத்திட்டம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
முல்லைத்தீவு மாவட்டம்.

பொருள்: கூழாமோட்டைச் சந்தியில் மரக்கறி விற்கும் பெண்களை அகற்றுமாறு எமது சங்கம் அனுப்பிய தீர்மானத்தின்மேல் மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் எனக் கோருதலும், அத்தீர்மானத்துக்குக் காரணமான பூசணிக்காய் பற்றிய உண்மையைத் தெரிவித்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஆனி மாதம் தாங்கள் எமது கிராமத்தின் புதிய சந்தைக் கட்டடத்தைப் பார்வையிட வந்திருந்தீர்கள். மூன்றாவது மேசையின் பின்னால் ஊதா நிறச் சேலையுடன் இருந்தவள் நான். தாங்கள் ஒரு பூசணிக்காயைக் கையில் தூக்கிப் பார்த்து, “இது நீங்களே போட்டதா அம்மா?” என்று கேட்டீர்கள். “ஓம் ஐயா” என்றேன். அது பொய். அந்தப் பூசணிக்காயை நான் விளைவிக்கவில்லை. அன்று அந்தக் கட்டடத்தில் இருந்த எந்த மரக்கறியையும் அங்கே அமர்ந்திருந்த எவரும் விளைவிக்கவில்லை. இதைத் தங்களுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருப்பது அதைவிட வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

2. எமது திட்டத்தைப் பற்றித் தாங்கள் கோப்புகளில் வாசித்திருப்பீர்கள். ஆயினும் கோப்பில் இல்லாத சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். எமது தகப்பன்மார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்தின் கீழ் வயலும் மேட்டுக்காணியும் பெற்றுக் குடியேறியவர்கள். நிலஅளவையாளர் கீறிய படத்தில் திட்டத்தின் நடுவே சந்தைக்கென்று ஒரு காணி ஒதுக்கப்பட்டிருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அங்கே சந்தை கூடியது உண்மை. அக்காலத்தில் பேருந்து வாய்க்கால் வீதியால் வந்து அந்தக் காணியடியில் திரும்பும். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் வாங்கினார்கள், அதனால் சந்தை இருந்தது.

3. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, மீண்டு வந்தபோது வாய்க்கால் வீதி கிரவலும் குழியுமாகக் கிடந்தது. இன்றும் அப்படித்தான். தார் போட்ட காப்பற் வீதி கிழக்கே சந்தியடியால் போடப்பட்டது. பேருந்தும் அவ்வழியே போகிறது. ஆகவே ஊரின் கால் நடமாட்டம் முழுவதும் சந்திக்குப் போய்விட்டது. இதை விளங்கிக்கொள்ள எந்த ஆய்வும் வேண்டியதில்லை. மழைநாளில் பால்மா வாங்கப் போகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தால் போதும்.

4. சந்திப் பக்கத்தில் வசிப்பவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் இங்கு வந்து காடு வெட்டினார்கள். எமது வயல்களில் நாற்று நட்டவர்களும் நெல் விளைந்ததும் அருவி வெட்டியவர்களும் அவர்களே. அவர்களிடம் வயல் இல்லை. குடியிருக்கும் மேட்டுக்காணிக்கும் இன்றுவரை அனுமதிப்பத்திரம் இல்லை. கிணறு வெட்டி, வாளியால் அள்ளி, கத்தரி, வெண்டி, பயற்றை, பாவல், பூசணி என்று போடுகிறார்கள். முன்பெல்லாம் விளைந்ததை மல்லாவிக்குக் கொண்டுபோய், அங்குள்ள வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

5. மீள்குடியேற்றத்தின் பின் ராஜினி என்னும் பெண் சந்தியில் நிற்கும் பாலை மரத்தின் கீழ் ஒரு தறப்பாளைக் கூரையாகக் கட்டிக் கச்சான் கடலை வறுத்து விற்கத் தொடங்கினார். அடுத்த போகத்தில் தனது தோட்டத்து வெண்டிக்காயையும் பக்கத்தில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். வாகனங்கள் நின்றன. வாகனம் நின்றதால் ஒரு தேநீர்க்கடை வந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் திருத்துபவர் ஒருவர் வந்தார். எமது ஊரில் எந்தத் திட்டமும், எந்த அடிக்கல்லும், எந்தப் பொன்னாடையும் இல்லாமல் உயிர்பெற்ற ஒரே இடம் அதுதான். அதை நாங்கள் எவரும் அபிவிருத்தி என்று கணக்கில் எடுக்கவில்லை. “சந்தியிலை பொம்பிளையள் சாமான் விக்கினம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டோம்.

6. சந்தைக் கட்டடத்துக்கு நிதி வந்தபோது, இடம் தெரிவு செய்யத் தங்களுக்கு முன்னிருந்த அதிகாரி எமது பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார். சந்தியே பொருத்தம் என்று அவர் படத்தைக் காட்டிச் சொன்னார். நாங்கள் ஒரே குரலில் மறுத்தோம். சந்தை இருந்த இடத்தில்தான் சந்தை வரவேண்டும் என்றோம். மீண்டு வந்த நாள் முதல் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது எமக்கு ஒரு பிடிவாதமாகிவிட்டது. கோயிலை இருந்த இடத்தில் கட்டினோம், வாசிகசாலையை இருந்த இடத்தில் கட்டினோம், ஆட்கள் இல்லாத வீடுகளின் வேலியைக் கூட இருந்த எல்லையில் அடைத்தோம். சந்தையையும் அப்படித்தான் கேட்டோம். பேருந்து இனி அங்கே திரும்பாது என்பதை ஒருவரும் பேசவில்லை.

7. அதிகாரி ஐயாவிடம் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. சந்தி என்பது “அவையின்ரை பக்கம்”. எமது சந்தையை அங்கே கொண்டுபோய் வைப்பதா என்பதே பலரின் மனதில் இருந்தது. அதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் விளங்கியது. சந்தியில் விற்கும் பெண்களும் அன்று வந்திருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். உள்ளே கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி சும்மா கிடந்தன. காணி அனுமதிப்பத்திரம் உள்ளவரே சங்க உறுப்பினராகலாம் என்பது எமது யாப்பு. ஆகவே அவர்களை உள்ளே அழைக்கத் தேவையில்லை என்று நினைத்தோம். ஒரு மரக்கறிச் சந்தையை எங்கே கட்டுவது என்று, மரக்கறி செய்பவர்களை வெளியே நிற்கவிட்டு நெல் செய்பவர்கள் தீர்மானித்தோம்.

8. கட்டடம் வந்தது. அழகான கட்டடம், அதில் குறையில்லை. ஓடு பதித்த மேசைகள், மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி, பெயர்க்கல் எல்லாம் உண்டு. திறப்பு விழா அன்று கூடிய கூட்டம் அதன்பின் கூடவில்லை. கட்டாக்காலி மாடுகள் வெயிலுக்கு வந்து படுக்கின்றன. காலபோக அறுவடையின்போது நாங்கள் அதில் நெல் காயப்போடுகிறோம், மழை வந்தால் மூட்டைகளை அடுக்குகிறோம். உள்ளதைச் சொன்னால் அது ஒரு நல்ல நெற்களமாக இருக்கிறது.

9. வெளியிலிருந்து எவராவது பார்வையிட வரும்போதுதான் அது சந்தையாகிறது. எமது ஊரில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால் அயல்வீட்டுக் கதிரையும் கிடாரமும் குத்துவிளக்கும் இரவலாக அந்த வீட்டுக்குப் போகும். எவரும் இல்லையென்று சொல்வதில்லை. பார்வையாளர் வருகையையும் அப்படியொரு கலியாண வீடாக நாங்கள் ஆக்கிக்கொண்டோம். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைச் சந்திக்குக் கொண்டுபோய், அப் பெண்களிடம் மரக்கறியை இரவல் வாங்கி வருவோம். அவர்கள் தங்களிடம் இருப்பதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித் தருவார்கள். நாங்கள் மேசையில் பரப்பி, நல்ல சேலை உடுத்து, பின்னால் அமர்வோம். வந்தவர்கள் போனதும் மீதியைத் திருப்பிக் கொடுப்போம். நிழற்படம் எடுக்கும்போது அவர்கள் முன்னால் நிற்பதில்லை. நில்லுங்கள் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

10. தாங்கள் வந்த அன்றும் இதுவே நடந்தது. “தண்ணீர் எப்படி?” என்று தாங்கள் கேட்டதற்கு நான், “வாய்க்கால் தண்ணிதான் ஐயா” என்றேன். பூசணி போடுகிற எவரும் அதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள், அந்த மாதத்தில் வாய்க்காலில் தண்ணீரே இல்லை. ராஜினி வெறும் கூடைகளுடன் வேலியடியில் நின்றுகொண்டிருந்தார், தனது பொருளைத் திருப்பி எடுத்துச் செல்ல. அவருக்குக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பொய் சொன்னவர் அவரே என்பது போல.

11. இதுவரை நடந்தது வெறும் வேடிக்கை என்று கூடத் தள்ளிவிடலாம். இனிச் சொல்வதைத் தள்ள முடியாது. அன்றைய உரையில் தாங்கள், கட்டடம் இவ்வளவு நன்றாக இயங்கும்போது சந்தியில் வீதியோரம் விற்பது ஏன், அது விபத்துக்கும் இடமல்லவா என்று கேட்டு, சங்கத்தின் தீர்மானம் கிடைத்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்றீர்கள். தாங்கள் கண்ணால் கண்டதை நம்பிப் பேசினீர்கள். தங்களில் பிழையில்லை. சந்திப் பெண்களிடம் இரவல் வாங்கிய மரக்கறியைச் சாட்சியாகக் காட்டியே அவர்களை அகற்ற வழி செய்தோம். அதே கிழமையில் சங்கம் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. “பொதுமக்களின் பாதுகாப்பையும் கிராமத்தின் நற்பெயரையும் கருத்திற்கொண்டு” என்று அது தொடங்கும். அந்த வசனம் என்னுடையது. எழுதும்போது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

12. ஏன் எழுதினேன் என்று தாங்கள் கேட்கலாம். அவர்கள்மேல் எனக்குப் பகையில்லை. கட்டடம் வெறுமையாகக் கிடப்பதை ஒருநாள் எவராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. சந்தியை மூடினால் அவர்கள் கட்டடத்துக்கு வருவார்கள், எங்கள் தெரிவு சரியென்றாகிவிடும் என்று நினைத்தோம். எங்கள் பிழையைச் சரியாக்க அவர்கள் இடம் மாற வேண்டியிருந்தது.

13. சந்தியிலிருந்து விலகுமாறு தங்கள் அலுவலக அறிவித்தல் ஒட்டப்பட்டதும் ராஜினி முரண்டு பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கு முன்னதாகத் தானே போய்ப் பார்ப்பதாகச் சொல்லி, ஆடி மாதத்தில் ஒரு கிழமை எமது கட்டடத்தில் வந்து அமர்ந்தார். எனது வீட்டுப் படலையில் நின்றால் அவர் இருந்த மேசை தெரியும். காலையில் நிறைந்த கூடையுடன் வருவார், பின்னேரம் ஏறக்குறைய அதே கூடையுடன் போவார். அந்தக் கிழமையில் ஒருநாள் நான் வங்கிக்குப் போய்ப் பேருந்தில் திரும்பினேன். சந்தியில் இறங்கியதும் கை பழகிய பழக்கத்தில் அங்கேயே பயற்றங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கட்டடத்தைக் கடக்கும்போது ராஜினி எனது பையைப் பார்த்தார். “வாங்கிட்டீங்களா அக்கா” என்று மட்டும் கேட்டார். தீர்மானம் எழுதிய நானே அந்தக் கட்டடத்தில் ஒரு பிடி பயற்றங்காய் வாங்கவில்லை. இதற்கு மேல் வேறு சான்று தேவையில்லை.

14. பதாகை பற்றியும் சொல்ல வேண்டும். தங்களுக்குப் பூசணிக்காயைக் கொடுக்கும் எனது படத்தைப் பெரிதாக அச்சிட்டு, “முன்மாதிரிச் சந்தை, கூழாமோட்டை. உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக” என்ற வாசகத்துடன், கட்டடத்துக்கு வழி காட்டும் அம்புக்குறியும் போட்டுச் சந்தியில் நட்டிருக்கிறார்கள். நடுவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலும், பாலை மரத்தடியில், ராஜினியின் தறப்பாளுக்கு மேலேயே நிற்கிறது. அதன் காலில்தான் அகற்றும் அறிவித்தலும் ஒட்டப்பட்டுள்ளது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவருடைய பூசணிக்காயை ஏந்தி நிற்கிறேன். கட்டடத்திலிருந்து சந்திக்கே திரும்பிவிட்ட அவர் கீழே அமர்ந்து விற்கிறார். எனது மகள் கிருசாந்தி வவுனியாவிலிருந்து வந்தபோது அதைக் கண்டுவிட்டு, “அம்மா, நீங்கள் எப்ப பூசணி போட்டனீங்கள்?” என்று கேட்டாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

15. சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் முதலாவது பேருந்துக்காகச் சந்திக்குப் போனேன். ராஜினி கடை விரிக்குமுன்னர், ஒரு பலகையில் ஏறி நின்று, ஈரத்துணியால் பதாகையில் எனது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி, “ஒங்க மொகத்துல காக்கா எச்சம் கெடந்திச்சி அக்கா. ஊருக்கு வர்றவங்க பாத்தா நல்லாவா இருக்கும்” என்றார். நாளும் துடைப்பாராம். தேநீர்க்கடைக்காரர் சொன்னார். எனக்குப் பேருந்தில் ஏற மனம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இந்த மனுவை எழுதத் தொடங்கினேன். வாசித்துக் காட்டியபோது இந்தப் பந்தி வேண்டாம், அக்காவுக்கு அவமானம் என்று ராஜினி கேட்டுக்கொண்டார். அவமானம் என்னுடையதாகையால் நீக்கவில்லை.

16. இம்மனுவைச் சங்கத் தலைவர் திரு. பிரசாந்தனுக்குக் காட்டினேன். அவர் கெட்டவரல்லர், திட்டத்துக்காக அலைந்து செருப்புத் தேய்ந்தவர். “அக்கா, உதைக் குடுத்தியளெண்டால் ரண்டாம் கட்டத்திலை வாய்க்கால் றோட்டுக்கு ஒதுக்கின காசு வேறை ஊருக்குப் போயிடும். எங்கடை ஊரை நாங்களே நாறடிக்கிறதோ?” என்று கேட்டார். அவர் சொல்வது நடக்கக்கூடும். எனது வீடும் அந்த வீதியில்தான் இருக்கிறது. ஆனால் இரவல் பூசணிக்காயைக் காட்டிப் பெறுகிற வீதியில் நான் எந்த முகத்துடன் நடப்பது என்று கேட்டேன். அவர் கையொப்பம் இடவில்லை. ஆகவே இது சங்கத்தின் மனுவல்ல. தீர்மானத்தை எழுதியவளின் மனு.

17. மேற்சொன்னவற்றைக் கருணையுடன் கவனத்திற் கொண்டு, பின்வருவனவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) புரட்டாதி முதலாம் திகதிக்கு முன் சந்தியிலிருந்து விலக வேண்டும் என்ற அறிவித்தலை உடனே நிறுத்தி வைக்கவும். அதன்பின் எவ்வளவு விளைந்தாலும் அவர்களுக்கு விற்க வேறு இடமில்லை. திரும்பவும் மல்லாவி வியாபாரியிடம்தான் போக வேண்டும். ராஜினிக்கு அந்தத் தறப்பாள்தான் வருமானம், அவருடைய இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அதிலிருந்துதான். விபத்துப் பற்றித் தாங்கள் சொன்னது நியாயம். அதற்கு வீதியிலிருந்து சற்று உள்ளே, பாலை மரத்தின் மறுபுறம் உள்ள அரச காணியைத் துப்புரவாக்கி, ஒரு தண்ணீர்க்குழாயும் வைத்தால் போதும். கட்டடம் வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

(ஆ) எமது தீர்மானம் உண்மைக்கு மாறான நிலையைக் காட்டிப் பெறப்பட்டது என்பதைக் கோப்பில் பதிந்து, அதன்மேல் இனி எந்த நடவடிக்கையும் எடுக்காமல் விடவும்.

(இ) சந்தைக் கட்டடத்தை நெற்களமாகவும் களஞ்சியமாகவும் பயன்படுத்த முறைப்படி அனுமதிக்கவும். அதற்கு அது உதவுகிறது. பெயர்க்கல்லை மாற்றுவதில் எங்களுக்கு மனக்கவலை இருக்கும், அதைத் தாங்கிக்கொள்வோம்.

(ஈ) சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தாங்கள் நேரில் வருகை தரவும். சந்திப் பக்கத்தவர்களையும் உறுப்பினராக்க யாப்பை மாற்றும் பிரேரணையை நான் கொண்டுவர இருக்கிறேன். தாங்கள் முன்னால் இருந்தால் ஒருவேளை கதிரைகள் விரிக்கப்படும்.

(உ) பதாகையை அகற்ற எனக்கு அனுமதி தரவும். ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஏணி எங்களிடம் இருக்கிறது.

18. இறுதியாக ஒன்று. வரும் மாதம் மாகாணத்திலிருந்து குழுவொன்று தங்களுடன் வருவதாகவும், மேசைகளை நிரப்பி வைக்குமாறும் எமக்குச் சொல்லப்பட்டுள்ளது. இம்முறை நான் லாண்ட்மாஸ்ரருடன் சந்திக்குப் போகமாட்டேன். மற்றவர்களைப் பற்றி உறுதி சொல்ல என்னால் இயலாது. தாங்கள் தயவுசெய்து வாகனத்தைச் சந்தியிலேயே நிறுத்தி இறங்கவும். பாலை மரத்தின் கீழ் ராஜினி இருப்பார், அவரிடம் பூசணிக்காய் இருக்கும். அன்று என்னிடம் கேட்ட அதே கேள்விகளை அவரிடம் கேட்கவும். நீங்களே போட்டதா என்றும், தண்ணீர் எப்படி என்றும் கேட்கவும். அவர் சொல்வதைக் கேட்க நானும் அங்கே நிற்பேன், பையுடன், வாங்குகிறவர்களின் பக்கத்தில்.

தங்கள் நல்ல மறுமொழியை எதிர்பார்த்து, வெட்கத்துடனும் மரியாதையுடனும்,

(ஒப்பம்)
கமலாசனி தங்கராசா

இடம்: கூழாமோட்டை
திகதி: 2025 ஆவணி 14

பிரதி:
1. கிராம அலுவலர், கூழாமோட்டை
2. தலைவர், கிராம அபிவிருத்திச் சங்கம், கூழாமோட்டை
3. திருமதி ராஜினி, பாலையடிச் சந்தி (நேரில் வாசித்துக் காட்டப்பட்டது)